பிரபு அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார்

"பிரபு அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார். வைத்தியர் வந்து போனார். பிரபு உறங்கினார்." கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் நான் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில், என் எதிர் மேசைக்காரரின் இரண்டாவது மானிட்டரில் இந்த வாக்கியங்களை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு எக்செல் ஷீட். இடது ஓரத்தில் நாள், அதற்கடுத்து என்ன சாப்பிட்டார், யார் வந்தார்கள், கடைசியில் குறிப்பு. இருபத்தேழு நாளுக்கு இருபத்தேழு வரிகள், எல்லாம் ஆங்கிலத்தில். எங்களுக்கு ரிலீஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சாஃப்ட்வேரில் பாதி உடைந்து கிடந்தது. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டிய மனிதர் யாரோ ஒரு பிரபு குடித்த கஞ்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். பின்னால் போய் நின்று, "இது எந்த மாட்யூலுக்கான டெஸ்ட் கேஸ்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இது டெஸ்ட் கேஸ் இல்லை பாஸ். இந்த இருபத்தேழு நாளும் இவர் உயிரோடு இல்லை" என்றார்.

அவரை நாங்கள் ஜமீன் என்றுதான் சொல்வோம். அவர் முன்னால் இல்லை, எங்களுக்குள். ஜப்பானில் பிறந்து சிறு வயதிலேயே சான் ஹோசேக்கு வந்துவிட்டவர். அறுபதைத் தாண்டியவர், கான்ட்ராக்டில் டெஸ்டராக இருந்தார். லஞ்ச் நேரத்தில் யார் மாட்டினாலும் தன் முன்னோர்கள் ஊழியம் பார்த்த ஒரு குட்டிச் சமஸ்தானத்தின் கதையை எடுத்துவிடுவார். டீமில் இருந்த தமிழ்ப் பையன்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். "ஜமீன் வராரு, ஓடு" என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார்கள். நான் அவருக்கு மேனேஜர், வயதில் அவர் மகளாக இருக்கலாம். ஒருநாள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. நிலப்பிரபு மாதிரி என்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ மிகவும் சிரத்தையாக, "அது தவறு. நாங்கள் பிரபு குடும்பம் இல்லை. பிரபுவின் அறை வாசலில் உட்கார்ந்திருந்த குடும்பம். சம்பளம் அரிசியாக வரும், அதுவும் குறைவு" என்று திருத்தினார். ஒரு பட்டப்பெயரில்கூடப் பிழை இருக்கக் கூடாது அவருக்கு.

அவர் சொல்லச் சொல்ல, வேண்டாம் என்றாலும், அந்த இடம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கிராமங்கள். அந்தக் கால ஜப்பானில் ஒரு பிரபு பெரியவரா சிறியவரா என்பதை அவர் நிலத்தில் எவ்வளவு அரிசி விளைகிறது என்று வைத்துத்தான் சொல்வார்களாம். இவர்கள் கடைசி பெஞ்சு. பிரபு என்று பெயர் வைத்துக்கொள்ள எவ்வளவு விளைய வேண்டுமோ, சரியாக அவ்வளவுதான் விளைந்தது. கோட்டை கட்டிக்கொள்ளும் தகுதி கிடையாது. மதில் வைத்த ஒரு பெரிய வீடு, அவ்வளவுதான். பிரபுக்களுக்கெல்லாம் மேலே ஷோகன். அவருடைய சட்டப்படி ஒவ்வொரு பிரபுவும் ஒரு வருடம் சொந்த மண்ணிலும் மறு வருடம் தலைநகரிலுமாக வாழ வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் எப்போதும் தலைநகரில்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்ப முடியாது. "இதை நாங்கள் ஹெச் ஒன் பி விசா என்போம்" என்றேன். ஜமீன் அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் அதையும் அந்த ஷீட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் ஏற்றியிருந்தார்.

கஞ்சி விஷயம் இதுதான். வாரிசு இல்லாமல் ஒரு பிரபு செத்துப்போனால் சமஸ்தானம் கலைந்துவிடும். நிலத்தை மேலிடம் எடுத்துக்கொள்ளும். அதில் அரிசிச் சம்பளம் வாங்கும் அத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும். தப்பிக்க ஒரே வழி, பிரபு உயிர் போவதற்குள் யாரையாவது தத்து எடுத்து, அந்தப் பத்திரத்தில் தன் கையால் முத்திரை வைக்க வேண்டும். வைத்தவர் உயிரோடுதான் இருந்தார் என்று பார்த்துச் சொல்ல ஷோகனின் அதிகாரி ஒருவர் நேரில் வருவார். இவர்களுடைய பிரபு பத்தொன்பது வயதில், தலைநகரில் இருக்கும்போது, இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவ்வளவு சின்ன வயதில் யார் வாரிசைப் பற்றி யோசிப்பார்கள். எனவே அவர் சாகவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். உடலைப் பின்கட்டில் ஒரு அறையில் வைத்தார்கள். முன் அறையில் படுக்கை விரித்து, குறுக்கே ஒரு திரையைப் போட்டார்கள். வேளாவேளைக்குக் கஞ்சி போனது, பாதி காலியாகித் திரும்பி வந்தது. வைத்தியர் தினம் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பிரபுவின் எழுத்தர் அத்தனையையும் நாட்குறிப்பில் ஏற்றினார். அதன் மொழிபெயர்ப்புதான் ஜமீனின் ஷீட். தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையனைப் பிடித்துக் காகிதமெல்லாம் தயாராக இருபத்தேழு நாள் ஆனது. கடைசி நாளன்று அதிகாரி வந்து திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் படுக்கையில் பிரபுவின் வயதே ஆன ஒரு ஊழியன் படுத்திருந்தான். அவன்தான் ஜமீனுடைய தாத்தாவின் தாத்தா.

இருமுவதுதான் அவன் வேலை. அவ்வப்போது இரும வேண்டும், கேள்விகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் பதில் சொல்வார், திரைக்கடியில் காகிதம் உள்ளே வரும், முத்திரை வைத்து வெளியே தள்ள வேண்டும். எல்லாம் சரியாக நடந்தது, சமஸ்தானம் பிழைத்தது. நாட்டில் இது ஒன்றும் புதிதில்லையாம். நிறைய பிரபுக்கள் இப்படிச் செத்த பிறகு தத்து எடுத்தவர்கள்தான், அதிகாரிகளுக்கும் அது தெரியும் என்பார் ஜமீன். எனக்கு அந்த எழுத்தர் மேல்தான் ஆச்சரியம். "கஞ்சி கூடக் குறையக் குடித்ததாக எழுதியிருக்கிறானே, என்ன கற்பனை!" என்றேன். ஒருநாள் அரைக் கிண்ணம், ஒருநாள் கால், ஒருநாள் 'வேண்டாமென்றார்'. ஜமீன் தலையை ஆட்டினார். "கற்பனை இல்லை. யாரோ நிஜமாகவே குடித்திருப்பார்கள். குடித்த அளவைத்தான் எழுதியிருப்பார்" என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போனபோது அது ஞாபகம் வந்து, நான் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறேன் என்று பார்த்தேன்.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் தாம்பரத்தில் அம்மா இறந்துபோனாள். காலையில் ஜெபம் பண்ண உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கூட இருந்த சித்திதான் எனக்கு ஃபோன் செய்தாள். அழுது முடித்த கையோடு அவள் சொன்ன முதல் விஷயம் அண்ணனைப் பற்றி. "பெரியவனுக்கு இப்ப சொல்லக் கூடாதுடி. சொன்னா அவன் உடனே ஃப்ளைட் ஏறிடுவான். அவன் பொழப்பே போயிடும்." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணன் நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் தனியாக இருந்தான். வேலை போய், விசா முடிந்து, கிரீன் கார்டு விண்ணப்பம் ஒன்றை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தான். மூன்று வாரத்தில் இன்டர்வியூ. வெளிநாடு போய் வர அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பத்து வருடக் காத்திருப்பு ஒரே டிக்கெட்டில் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. அதற்கு நான்கு வருடம் முன்பு அப்பா இறந்தபோதும் இதே மாதிரி ஒரு விசாச் சிக்கல். அப்போது சொன்னோம், அவன் வரவில்லை. வக்கீல் போகாதே என்றார், இவன் போகவில்லை. அம்மா எல்லார் முன்னாலும், "அப்பா பெட்டி பக்கத்துல வந்து நிக்காதவன் எனக்கும் வந்து நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அதைச் சித்தி அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு, சர்ச் வாட்ஸப் குரூப்பில் வரும் பைபிள் வசனப் படத்தை அம்மா அவனுக்கு அனுப்புவாள். அவன் 'ஆமென்' என்று போடுவான். நான்கு வருடமாக அவர்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். எனக்கும் அவன் மேல் கோபம். அப்பாவின் கடைசி நாட்களில் தனியாக அலைந்தவள் நான். மாதம் ஒரு தடவை, அதுவும் ஒப்புக்குத்தான் பேசுவேன்.

அதனால் மறைப்பது எங்களுக்குச் சுலபமாகத் தோன்றியது. வசனம் போனால் போதும். அடக்கத்துக்கு நான் மட்டும் போனேன். சித்தி சொந்தக்காரர்களையெல்லாம் மிரட்டி வைத்தாள், யாரும் ஃபேஸ்புக்கில் போடக் கூடாது, ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. திரும்பும்போது அம்மாவின் ஃபோனை என் ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு வந்தேன். இந்தியாவில் காலை ஆறு என்றால் எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரை. தினம் ஐந்தரைக்கு ஆபீஸ் பின்னால் கார் பார்க்கிங்குக்குப் போவேன். சர்ச் குரூப்பில் வசனம் வந்து விழுந்ததும் அண்ணனுக்கு அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் 'ஆமென்' வரும். எனக்கு ஏதோ பெரிய வேலையை முடித்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் போனதும் ஒருநாள் அந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். வசனம், ஆமென், வசனம், ஆமென். எந்த நாளோடு அம்மா முடிந்தாள், எந்த நாளிலிருந்து நான் என்று ஓடும் விரலுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் கஞ்சி எழுதிய அந்த எழுத்தர் எனக்கு யார் என்று புரிந்தது. காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னால், ஆமென் வந்த பிறகு, திரையில் 'டைப்பிங்' என்று தெரிந்தது. நான்கு வருடத்தில் அது நடந்ததில்லை. வந்த செய்தி இது: "அம்மா, நாளை மறுநாள் இன்டர்வியூ. பயமா இருக்கு. அப்பாவுக்கு நான் வராததை இன்னும் மனசுல வச்சிருக்கியா?" தங்லீஷ் அம்மாவுக்குப் படிக்க வராது என்று தமிழ் எழுத்திலேயே அடித்திருந்தான். நான் யோசித்தேனா என்றால் இல்லை. அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக ஃபோனில் பேசியபோது, "அண்ணன்கிட்ட ஒரு தடவ பேசேம்மா" என்று நான் சொன்னதற்கு, "அந்தப் பேச்ச எடுக்காத" என்றாள். எனக்குத் தெரிந்த கடைசிப் பதில் அதுதான். ஆனாலும் என் விரல் "இல்லடா. தைரியமா போ" என்று அடித்து அனுப்பிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு நீல டிக் விழுந்தது.

மறுநாள் ஜமீனிடம் சொன்னேன். இந்தக் கதையைக் கேட்டு ரசிக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான் என்று தோன்றியது. கிட்டத்தட்ட வேடிக்கை போலத்தான் ஆரம்பித்தேன், "உங்கள் தாத்தாவின் தாத்தா இருமினாரே, நான் இங்கே வசனம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்" என்று. கேள்வியையும் என் பதிலையும் சொன்னபோது அவர் முகம் மாறியது. கையிலிருந்த சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "ஷீட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது" என்றார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

அன்று அந்த அதிகாரி எல்லாக் கேள்வியும் முடிந்து, முத்திரை வைத்த காகிதத்தையும் வாங்கிய பிறகு, எழுந்திருக்கவில்லை. திரையின் பக்கம் குனிந்து மெதுவான குரலில், "வலிக்கிறதா?" என்று கேட்டார். அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை, யாரும் அதற்குப் பதில் தயாரித்துக் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்த பெரியவரும் திகைத்துவிட்டார். படுத்திருந்தவன் தானாகவே, "இல்லை" என்றான். அதிகாரி தலை வணங்கிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். பதவி உயர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை குட்டியோடு, திரைக்குப் பின்னால் படுத்திருந்த அந்த மனிதர் வாழ்ந்தார். அவருக்கு முடி நரைப்பதற்கு முன்பே புது அரசாங்கம் வந்து எல்லாச் சமஸ்தானத்தையும் ஒரே உத்தரவில் கலைத்துவிட்டது. அவர் படுத்துக் காப்பாற்றிய இடம் வரைபடத்திலேயே இல்லாமல் போனது. அவர் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை. சாகும்போது பேரனைக் கூப்பிட்டு, "அவருக்கு வலித்திருக்கும். இரண்டு நாளும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இல்லை என்று சொல்ல நான் யார்?" என்று கேட்டாராம். அந்தப் பேரன்தான் ஜமீனின் தாத்தா.

ஜமீன் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். அந்தக் கேள்வி நிஜமாகவே கேட்கப்பட்டதா என்று. அதிகாரியின் அறிக்கையின் நகலைக்கூட எங்கிருந்தோ வரவழைத்துவிட்டார். 'பிரபு நலிந்திருந்தார், தெளிவாக இருந்தார், தம் கையாலேயே முத்திரை வைத்தார்' என்று அதில் இருக்கிறது. கேள்வி இல்லை. "ஒரே ஒரு யூசர் ரிப்போர்ட் பண்ணின பக். ரீப்ரொட்யூஸ் ஆக மாட்டேன் என்கிறது" என்றார், அவருடைய பாஷையில். மறுபடி வரவழைத்துக் காட்ட முடியாத பிழையை டெஸ்டர்கள் அப்படி எழுதி மூடிவிடுவார்கள். பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை விடவில்லை. உள்ளே இருப்பது பிரபு என்று அதிகாரி நம்பியிருந்தால், ஒரு பிரபுவிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார், அது மரியாதை இல்லை. காலியான படுக்கை என்று நினைத்திருந்தால் கேட்கவே அவசியமில்லை. அப்படியானால் உள்ளே பயந்து நடுங்கிக்கொண்டு ஒரு பையன் படுத்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவனைத்தான் கேட்டாரோ? "அப்படியென்றால் அவன் சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் அது அவனுக்குத் தெரியாமலேயே செத்துப்போனான்" என்றார் ஜமீன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று மத்தியானம் சீட்டுக்கே வரவில்லை.

அடுத்த வருடம் அவர் கான்ட்ராக்டைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். டெக்சாஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து எப்போதாவது ஈமெயில் வரும். இரண்டு வருடம் முன்னால் அந்தத் தங்கை ஃபோன் செய்து, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். அதற்கு முந்தின மாதம்தான் அந்த ஷீட்டை எனக்கு அனுப்பியிருந்தார். இருபத்தெட்டாவதாக ஒரு வரி சேர்த்திருந்தார். சாப்பாடு, வந்தவர்கள் எல்லாக் கட்டமும் காலி. குறிப்பில் மட்டும், 'ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை. மூடவும் மனமில்லை' என்று இருந்தது. அவரை ஜமீன் என்று கூப்பிட்டுச் சிரித்ததை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது என்று அண்ணன் ஒரு வரி போட்டதும், அந்த வார இறுதியிலேயே நியூ ஜெர்சியின் நியூவர்க் ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். நேரில்தான் சொல்ல வேண்டும் என்பது சித்தியின் உத்தரவு. வழி முழுக்க வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். மான்மவுத் ஜங்ஷனில் அவன் அபார்ட்மென்ட் கதவைத் திறந்ததும் ரசம் வாசனை வந்தது. தாடி வளர்ந்திருந்தது. "வா. ஃப்ளைட் லேட்டா?" என்று பையை வாங்கி வைத்தான். சோபாவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும். சொல்லாத."

"சித்தி சொல்லிட்டாளா?"

"யாரும் சொல்லல. சர்ச் யூட்யூப் சேனல்ல லைவ் போச்சு. நான் சப்ஸ்க்ரைப் பண்ணியிருக்கேன், நோட்டிஃபிகேஷன் வந்துச்சு."

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சர்ச்சில் கல்யாணம், அடக்கம் எது நடந்தாலும் யாரும் கேட்காமலே லைவ் போய்விடும். அத்தனை பேர் வாயை அடைத்த சித்திக்கும் எனக்கும் அந்தக் கேமரா கண்ணிலேயே படவில்லை. முழுவதும் பார்த்தாயா என்று கேட்டேன்.

"ரெண்டரை மணி நேரம். கேமரா வச்சிருந்தவன் பாதி நேரம் ஷாமியானாவதான் காட்டினான்."

"தெரிஞ்சும் ஏன் தினம் ஆமென் போட்ட?"

"நீ அனுப்பிட்டே இருந்தல்ல. நான் நிறுத்தினா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடும். எனக்காகத்தான பண்றீங்க, பண்ணட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப அந்தக் கேள்வி?"

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். "அம்மா நம்பருக்குக் கேட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. யார் கையில ஃபோன் இருக்குன்னு தெரியும். நீயும்தான நாலு வருஷமா என்கூட சரியா பேசல." என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, "பதில் வந்துச்சு. அன்னிக்கு நைட் தூங்கினேன்" என்றான். நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் அழவில்லை. மூன்று வாரம் தனியாக அழுது முடித்திருந்தான், பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல். இன்டர்வியூவில் தாயார் பற்றிக் கேட்டபோது மட்டும் குரல் உடைந்ததாம், அதிகாரி தண்ணீர் கொடுத்தாராம்.

சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லு. லைவ்ல அந்த இடத்த மட்டும் திரும்பத் திரும்பப் பாத்தேன். குழியில எல்லாரும் ஒரு பிடி மண்ணுதான் போட்டாங்க. நீ மட்டும் ரெண்டு தடவ போட்ட. ரெண்டாவது எனக்கா?"

தாம்பரத்தில் முந்தின நாள் கோடை மழை. கல்லறையில் தோண்டிப் போட்டிருந்தது வெறும் களிமண். அள்ளிப் போட்டபோது பாதி என் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. அது விழவில்லையே என்று இன்னொரு தடவை கையை உதறினேன். அந்த நேரத்தில் அண்ணன் என் நினைவிலேயே இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கிருந்த கோபத்தில் அவனுக்காக ஒரு சிட்டிகை மண் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

"ஆமா. உனக்குத்தான்" என்றேன்.

அவன் கையில் கரண்டியோடு அப்படியே நின்றான். அப்போதுதான் அழுதான். நாற்பத்திரண்டு வயது ஆள் விம்மி விம்மி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இனி மாற்றிச் சொல்ல வழியில்லை என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

இப்போது அவனிடம் கிரீன் கார்டு இருக்கிறது. தாம்பரம் போய்வந்தான், கல்லறைக்கு மார்பிள் போட்டான். வாராவாரம் எனக்கு ஃபோன் செய்கிறான், நானும் ஒப்புக்குப் பேசுவதில்லை. அண்ணன் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவன் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டாலும் படித்ததாகச் சொல்ல மாட்டான். போன ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில், "அன்னிக்கு நீ எனக்காக மண்ணு போட்டியே, அது மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றான். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். அண்ணனை என் வாயால் 'டா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டேன் என்றான்.